பதினெட்டுக்கு நான்கு மாதம் இருந்தபோது

என் அன்பு மச்சானுக்கு,

உன் கல்லறைக்குக் கல் வைத்தாயிற்று. பெயருக்குக் கீழே 'அரசு வழக்கறிஞர்' என்று போடலாமா என்று உன் தங்கையிடம் கேட்டேன். "அங்க போயும் வாதாடணுமா?" என்று முறைத்தாள். அதனால் பெயரும் ஒரு வசனமும் மட்டும் இருக்கின்றன. போன வாரம் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் யாரோ நட்ட அரளி நன்றாக வளர்ந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன். அவர்களுக்காக ஒரு வார்த்தை. நீயும் நானும் சட்டக் கல்லூரியில் ஒரே பெஞ்ச். பிறகு உன் தங்கை எஸ்தரை நான் கட்டினேன், நீ மச்சான், நான் மாப்பிள்ளை. செங்கல்பட்டில் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கிற கோர்ட்டில் நீ அரசுத் தரப்பு. பல வழக்குகளில் எதிரே நான். காலையில் தாம்பரத்தில் ஒன்றாக ரயில் ஏறுவோம். கூடுவாஞ்சேரி வருவதற்குள் சண்டை தொடங்கிவிடும். மதியம் எஸ்தர் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை இருவரும் பங்கு போட்டுக்கொள்வோம். பார்க்கிறவர்கள் இவர்கள் ஏதோ நாடகம் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தார்கள்.

இப்போது தனியாகத்தான் போகிறேன். ஜன்னலோர சீட் எனக்கே கிடைக்கிறது, அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

ஒரு வழக்கைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும். முடிந்துவிட்டது, மேல்முறையீட்டுக்கான காலமும் தாண்டிவிட்டது. ஆனாலும் உன்னிடம் சொல்லாததால் எனக்கு அது முடிந்த மாதிரியே இல்லை. பெண்ணின் பெயரைச் சொல்ல மாட்டேன். சட்டம் விடாது, நீயும் விட மாட்டாய். பையனுக்கு ஜோயல் என்று நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன். யார் எவர் என்று தெரியாதபடி சில விவரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். சபையையும் சொல்லப் போவதில்லை. தாம்பரத்தில் சபைகளுக்கா பஞ்சம்?

ஜோயலுக்கு இருபத்தொரு வயது. ஏ.சி. மெக்கானிக். அவன் அப்பா மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், அவள் அம்மா அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், அப்பா இல்லை. இருவரும் நம் சபைதான். வாலிபர் கூட்டத்தில் பழக்கம். ஒரு நாள் போனை அம்மா பிடுங்கி வைத்ததில் சண்டை. பெண் கோபித்துக்கொண்டு ஜோயலோடு அவன் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்துத் தானாகவே திரும்பி வந்தாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் நான்கு மாதம் இருந்தது.

வேறு வீடாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்பார்கள். நம் ஆட்களுக்குத்தான் எந்தத் துக்கத்தையும் ஜெபக் குறிப்பாகப் போட்டால்தான் மனம் ஆறும். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, எஸ்தர் காலையில் எழுந்ததும் கண்ணாடி போடாமல் தேடுவாளே, அதில் அந்த அம்மா போட்டார். மகளைக் காணோம், ஒரு பையனோடு போயிருக்கிறாள், ஜெபியுங்கள் என்று முதல் செய்தி. மகள் திரும்பிவிட்டாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று இரண்டாவது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இருவரும் கணவன் மனைவி போல இருந்துவிட்டதாக மகள் சொல்கிறாள், வழி தெரியவில்லை, தொடர்ந்து ஜெபியுங்கள் என்று மூன்றாவதும் போட்டுவிட்டார்.

அந்தக் குழுவில் ஒரு தலைமை ஆசிரியை இருக்கிறார். பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு இப்படி நடந்தது என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அதுவே குற்றம் என்று அவர்கள் பள்ளியில் வருடா வருடம் பயிற்சியில் சொல்கிறார்கள். அவர் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். பிறகு எஸ்தரிடம் வந்து அழுதார். "ஜெபம் பண்ணச் சொன்னாங்க, நான் போலீஸ அனுப்பிட்டேன்" என்றாராம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் செய்யாமல் இருந்திருந்தால் நீயே அவரைக் கூண்டில் ஏற்றியிருப்பாய்.

அன்று மாலையே அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகி, ஜோயல் கைதானான். பெண்ணை மாஜிஸ்ட்ரேட் முன்னால் வாக்குமூலத்துக்கு அழைத்துப் போனார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று சொல்லித்தானே கேட்பார்கள், அவளும் சொன்னாள். யாரும் என்னைக் கடத்தவில்லை, நான்தான் அவரைக் கூப்பிட்டேன், எல்லாம் என் சம்மதத்தோடுதான் என்றாள். அதைச் சொன்னால் அவனை விட்டுவிடுவார்கள் என்று அந்தப் பிள்ளை நம்பியிருக்கிறது. அரசுத் தரப்புக்கு அதற்கு மேல் ஒன்றுமே தேவையில்லை.

சட்டம் உனக்குத் தலைகீழ்ப் பாடம். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். பதினெட்டு நிறையாதவர் யாராக இருந்தாலும் இந்தச் சட்டத்துக்குக் குழந்தை. குழந்தை சரி என்று சொன்னாலும் அது சம்மதம் ஆகாது. முன்பு அந்த வயதுக் கோடு பதினாறில் இருந்தது, பிறகு பதினெட்டுக்கு நகர்ந்தது. வயதுக்குப் பள்ளிச் சான்றிதழ் போதும். எதிரே நிற்கிறவனுக்கு வயது இருபத்தொன்றா ஐம்பத்தொன்றா என்ற கேள்வியே எழாது. சில நாடுகளில் இருவருக்கும் இரண்டு மூன்று வயதுதான் வித்தியாசம் என்றால் விலக்கு வைத்திருக்கிறார்கள், இங்கே அது கிடையாது. அடிப்படைச் சங்கதிகள் நிரூபணமாகிவிட்டால், நான் குற்றவாளி இல்லை என்று காட்டுகிற பாரமும் எதிரியின் தலையில்தான். எதிரி என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட் வைத்திருக்கிற பெயர். ஜோயல் விஷயத்தில் தீர்ப்பு பாதகமானால் குறைந்தது பத்து வருடம். நீதிபதிக்கே இரக்கம் வந்தாலும் அதற்குக் கீழே ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது.

இதைத்தான் ஜோயலின் அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. லாரியை ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் தாண்டி நிறுத்திவிட்டு, ஈரம் காயாத லுங்கியோடு என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"என் புள்ள இன்னா கொலையா பண்ணிட்டான் சார்? கொல பண்ணவனே ஜாமீன்ல சுத்திகினு கீறான்."

ஜாமீன் வாங்கிவிடலாம் என்று மட்டும் சொன்னேன். சில வாரத்தில் வாங்கவும் செய்தேன்.

பெண் பதினெட்டைத் தாண்டியதும் இரு வீட்டாரும் என் ஆபீசுக்கு ஒன்றாக வந்தார்கள், கையில் பழத்தட்டு இல்லாத குறைதான். கல்யாணம் பேசி முடித்துவிட்டார்களாம். சபையில் மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பான ஓலையை வாசித்து, போதகர் ஜெபித்து மந்திரித்துவிட்டால் வழக்குப் போய்விடும் என்று நம்பினார்கள். போதகரும் சரி என்றாராம். மாமியார் மருமகள் சண்டையில் சமரசம் செய்வது போல இதையும் நினைத்துவிட்டார்கள். இது சமரசத்தில் தீர்கிற குற்றம் இல்லை, அரசுதான் வழக்குப் போட்டிருக்கிறது, நீங்கள் மன்னித்தாலும் அரசு மன்னிக்காது என்றேன். உயர் நீதிமன்றம் சில வழக்குகளை ரத்து செய்திருக்கிறது, சிலவற்றை மறுத்திருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம், உத்தரவாதம் இல்லை என்றும் சொன்னேன். கேட்டுப் பார்த்தோம். விசாரணையைச் சந்திக்கச் சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தில் நீ குறுக்கே பேசுவாய் என்று தெரியும். டியூஷன் மாஸ்டரை மறந்துவிட்டாயா மாப்பிள்ளை என்பாய். மறக்கவில்லை.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது, அந்தப் பெண்ணுக்குப் பதினேழு. கூண்டில் நின்று அவளும் இதே வார்த்தையைத்தான் சொன்னாள். சார் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, என் சம்மதம்தான் என்றாள். நான் அவருக்கு வக்கீல். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு எவ்வளவோ பேசினேன். நீ எழுந்து, அவளுடைய பள்ளிச் சான்றிதழை நீட்டிவிட்டு, இதற்கு மேல் நான் பேச ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தாய். அவருக்குத் தண்டனை கிடைத்தது. திரும்பி வரும்போது ரயிலில் நான் உன்னைக் கல்நெஞ்சக்காரன் என்றேன். நீ கடலை உரித்துக்கொண்டே, "கோடு வளைஞ்சா, முதல்ல உள்ள நுழையறவன் உன் கட்சிக்காரன் மாதிரி ஆளுதான்" என்றாய்.

உன் அடக்கத்துக்கு அந்தப் பெண் வந்திருந்தாள். கையில் குழந்தை. என்னை அடையாளம் கண்டுகொண்டு அவளாகவே பேசினாள். "அன்னிக்கு உங்களத்தான் நல்லவர்னு நெனச்சேன் சார். தண்டன வாங்கிக் குடுத்தாருன்னு இவர் மேல அவ்வளவு ஆத்திரம். ரெண்டு மூணு வருஷம் கழிச்சுதான் எனக்கு என்ன நடந்துச்சுன்னே புரிஞ்சுது" என்றாள். நான் என் வேலையைச் செய்தேன், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவள் சொன்னது சரி. பதினேழு வயதில் சரி என்று சொன்னதை இருபதில் திரும்பிப் பார்க்க அவளுக்கு ஒரு கோடு தேவைப்பட்டது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ.

சரி, அவளுக்கு அது பாதுகாப்பு. இவளுக்கு என்ன? இருவரும் சொன்னது ஒரே வாக்கியம். இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை எழுதினால் டியூஷன் மாஸ்டர்கள் நுழையாதபடி எழுத முடியுமா? உன்னை இன்னும் இரண்டு வருடம் விட்டுவைத்திருந்தால் கூடுவாஞ்சேரிக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் எங்கேயாவது அதை முடித்திருப்போம்.

விசாரணை நெருங்கியது. ஒரு சனிக்கிழமை அந்த அம்மா மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வரக்கூடாது. அவள் அரசுத் தரப்புச் சாட்சி, நான் எதிரியின் வக்கீல். வாசலிலேயே சொன்னேன். அதற்குள் உன் தங்கை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள். அவளுக்குச் சட்டம் தெரியாது, வெயில்தான் தெரியும்.

அந்தப் பெண் மோர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஒல்லி, சத்தமில்லாத குரல். எல்லாக் காகிதத்திலும் தன்னைப் 'பாதிக்கப்பட்ட சிறுமி' என்று எழுதியிருக்கிறார்கள், அதை மாற்ற முடியாதா என்று முதலில் கேட்டாள். முடியாது என்றேன்.

"என்னைப் பாதிச்சது யாருன்னு யாருமே கேக்கல அங்கிள்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கோர்ட்ல நான் ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்லிட்டா, அவர விட்டுருவாங்களா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியும், மச்சான். செங்கல்பட்டில் மரத்தடியில் டீ விற்கிறவருக்கும் தெரியும். இந்த மாதிரி வழக்குகள் பல அப்படித்தான் முடிகின்றன. பெண் கூண்டில் ஏறி முன்பு சொன்னதை இல்லை என்பாள், பிறழ் சாட்சி என்று எழுதிக்கொள்வார்கள், பையன் வெளியே வருவான். நான் தலையை லேசாக ஆட்டினால் போதும் என்று அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"இந்தக் கேள்வி என் காதுல விழல. நீ என்கிட்ட கேக்கவும் இல்ல" என்றேன். அதைச் சொல்லிவிட்டு எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். பின்னால் அவள் அம்மா அழுவது கேட்டது. எஸ்தர் என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. உன் வீட்டுப் பெண் ஆயிற்றே, மௌனத்திலும் குறுக்கு விசாரணை செய்வாள்.

அவள் சாட்சி சொன்ன நாள் கோர்ட்டைச் சாத்தித்தான் விசாரித்தார்கள். உன் இடத்தில் இப்போது ஒரு இளம் பெண் இருக்கிறார். கெட்டிக்காரி, உன்னைப் போலவே தாளைப் பார்க்காமல் கேட்கிறார். கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை என்று அந்தப் பிள்ளை கூண்டில் சொல்லும்போது, நான் மேசையில் இருந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அம்மாவோடு சண்டை, அதனால் அந்த அத்தை வீட்டுக்குப் போனேன், அத்தையோடுதான் படுத்திருந்தேன், மாஜிஸ்ட்ரேட்டிடம் பயத்தில் ஏதோ சொன்னேன் என்றாள். ஜோயல் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. பிறழ் சாட்சி என்று அறிவித்து, அரசு வழக்கறிஞர் எவ்வளவோ கேட்டார். அவள் ஒரே பதிலில் நின்றாள். குறுக்கு விசாரணை உண்டா என்று நீதிபதி என்னைப் பார்த்தார். இல்லை என்றேன். அந்த வழக்கில் நான் சிறப்பாகச் செய்த வேலை அந்த ஒரு சொல்தான். மருத்துவச் சான்றிலும் எதுவும் உறுதியாக இல்லை. சந்தேகத்தின் பலனை அளித்து ஜோயலை விடுவித்தார்கள்.

அவள் பொய் சொன்னாள் என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவள் கொடுத்த இரண்டு வாக்குமூலங்களில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். எது என்று கேட்டால், என் கட்சிக்காரர் விடுதலையாகிவிட்டார் என்பதுதான் என் பதில்.

தீர்ப்பன்று ஜோயலின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஜெயித்த வக்கீலுக்கு உண்டான சந்தோஷம் எனக்கும் இருந்தது, மறைப்பானேன். மறைமலை நகர் வரைக்கும் இருந்தது.

இப்போது போன ஞாயிறுக்கு வருகிறேன். ஆராதனையில் அறிவிப்புகள் நேரம். போதகர் வழக்கம்போல் மின்விசிறி நிதி, வாலிபர் முகாம் எல்லாம் சொல்லிவிட்டு, ஓலையை எடுத்தார். இந்தச் சபையைச் சேர்ந்த இன்னாருடைய குமாரன் ஜோயலுக்கும், இன்னாருடைய குமாரத்தி இன்னாருக்கும் திருமணம் செய்ய நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் தெரிவிக்கவும் என்று வாசித்தார். முதல் ஓலை.

மச்சான், அவள் பெயரை நான் அத்தனை பேர் நடுவில் கேட்டது அன்றுதான். போலீஸ் காகிதத்தில் இல்லை, தீர்ப்பில் இல்லை, நாங்கள் பேசிக்கொள்ளும்போதுகூட 'அந்தப் பொண்ணு' என்றுதான் சொல்வோம். முழுப் பெயர், ஞானஸ்நானப் பெயரோடு, மைக்கில். அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைமை ஆசிரியை குனிந்தே இருந்தார். தடை சொல்ல யாரும் எழவில்லை. நான் இருமுவது போல் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டேன். எஸ்தருக்கா தெரியாது?

அன்று திருவிருந்து ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார்கள், மனதில் பாவம் உறுத்துகிறவர்கள் எடுக்க மாட்டார்கள். பாவ அறிக்கை சொல்லி முடித்ததும், வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போக ஆரம்பித்தார்கள். ஜோயல் போனான், அவன் அப்பா வெளுத்த சட்டையில் போனார். அவள் உட்கார்ந்திருந்த வரிசை முழுக்க எழுந்து போயிற்று. அவள் மட்டும் எழவில்லை. அம்மா தோளைத் தொட்டார், அவள் தலையை அசைத்தாள். கையில் இருந்த பாட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

எஸ்தர்தான் மெல்லச் சொன்னாள். சாட்சி சொன்ன நாளிலிருந்து அவள் ஒரு முறைகூடத் திருவிருந்து எடுக்கவில்லையாம். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, அந்தக் கூண்டில் கடவுள் பெயரைச் சொன்னேனே அம்மா என்றாளாம்.

அவனுக்குப் பத்து வருடம் போகாமல் மிச்சமாயிற்று. அதற்கு ஈடாக இவளிடமிருந்து எடுத்துக்கொண்டது எந்தச் சட்டத்திலும் தண்டனை என்று எழுதப்படவில்லை. உண்மையைச் சொன்னபோது அவனைச் சிறையில் வைத்தோம். பிறகு என்ன சொன்னாளோ, அதை வைத்து வெளியே விட்டோம். இரண்டு தடவையும் கோர்ட்டுக்காரர்கள் நாம்தான் கேட்டோம். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், கோடு நடுவில். இதைக் கேட்டால் நீ என்ன சொல்வாய்? கடலையைக் கீழே வைத்துவிட்டாவது கேட்பாயா?

எங்கள் வரிசை வந்தபோது எஸ்தர் எழுந்து போனாள். நான் எழவில்லை. என்னால் முடியவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவை. கோவில் முழுக்க அந்தப் பக்கம் அவளும், இந்தப் பக்கம் நானுமாக இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தோம். ஒரு கட்டத்தில் அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பார்த்துவிட்டு மறுபடி பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

இன்னும் இரண்டு ஓலை பாக்கி இருக்கிறது, பிறகு கல்யாணம். உன் பங்குக்கும் சேர்த்து நான் வாழ்த்திவிட்டு வருகிறேன். ஆனால் ஒன்று சொல்லி வைக்கிறேன், மச்சான், இதில் நான் மாற மாட்டேன். அவள் என்றைக்கு எழுந்து முன்னால் போகிறாளோ, அன்றைக்கு அவளுக்குப் பின்னால் நானும் போவேன். அதுவரை நானும் என் பெஞ்சிலேயே இருப்பேன்.

எஸ்தருக்கும் உனக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட,
உன் மாப்பிள்ளை